ஒரு விரல் இடம்

கொடியை அகத்தியோடு கட்டும்போது
ஒரு விரல் நுழைகிற அளவு
இடம் விட வேண்டும்.
இறுக்கினால் கணு நசுங்கும்,
நாலாம் நாள் இலை மஞ்சளாகும்.
சோழவந்தான் கொடிக்காலில் இது
எட்டு வயசுப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனி மாதம் என் மோட்டார் களவு போனது.
மூணு குதிரைத்திறன். நகையை வைத்து வாங்கியது.
பைப்பை அறுத்த இடத்தில்
பல் பல்லாய் ரம்பத் தடம்.
ஒன்பது நாள் குடம் குடமாய்ச் சுமந்தும்
கீழ்வரிசை கருகிவிட்டது.
அப்போது அவன் கையில் சிக்கியிருந்தால்
நானே வெட்டியிருப்பேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

தை பிறந்து ஆறாம் நாள்,
வைகைப் பக்கமிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்த நேரம்,
நடுவரப்பில் ஒரு எக்ஸெல் வந்து நின்றது.
பின்னால் சாக்குச் சுற்றிய சுமை.
வந்தவன் முதலில் அதை இறக்கி நிமிர்த்தி வைத்தான்,
பிறகுதான் என்னைப் பார்த்தான்.
"பழைய செம்ப வித்துட்டேண்ணே.
இது புதுக் காயில். நானே சுத்துனது."

பேர் சோணைராசு என்றான்.
தெற்குவெளி வீதியில் வைண்டிங் கடையில்
அஞ்சு மாசமாய் இருக்கிறானாம்.
விரல் நுனிகளில் வார்னிஷ் கறுத்திருந்தது.
"மாட்டிக் குடுத்துட்டுப் போறேன்."

வைத்துவிட்டு ஓடியிருக்கலாம்.
மாட்டினான்.
தண்ணீர் முதலில் துருவாய்,
பிறகு கலங்கலாய்,
பிறகு தண்ணீராய் வந்தது.

சத்தம் கேட்டுத்தான் வந்தார்கள்.
கதிர்வேல், மேலக்கால் மச்சான்கள் இரண்டு பேர்,
ஒரு பொருளும் தொலைக்காத யாரோ ஒருவன்.
முதல் அடி அவனுடையது.
"திருப்பிக் கொண்டாந்துட்டா யோக்கியனாடா?"
கேட்டார்கள்,
பதில் சொல்ல வாயை விடவில்லை.
தலையில் பாதியை மழித்து
மீதிப் பாதியோடு போட்டோ எடுத்தார்கள்.
"கட்டுறதுக்கு ஏதாச்சும் இருக்கா?"
கதிர்வேல் திரும்பியபோது
என் வாளியில் வாழைநார் ஊறிக்கொண்டிருந்தது.

எடுத்துக்கொண்டார்கள் என்றுதான்
ஸ்டேஷனில் சொன்னேன்.
கொடுத்தேன்.

ஈரநார் வெயில் ஏற ஏற இறுகும்.
கரண்ட் கம்பத்தோடு அவன் மணிக்கட்டு.
விரல் என்ன,
நகம்கூட நுழையாது.

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது.
அதுவரை மோட்டாரை யாரும் நிறுத்தவில்லை.
வாய்க்கால் நிறைந்து, வழிந்து,
அவன் காலடிக்குத் தண்ணீர் வந்தது.
உதடு கிழிந்து நின்றவன்
தலையைச் சற்றே சாய்த்திருந்தான்,
ஓட்டத்தில் பிசிறு இருக்கிறதா என்று
கேட்கிறவன் மாதிரி.

அரசரடி ஜெயிலில் எண்பது நாள்.
அந்த போட்டோ கடைக்காரர் போனுக்கும் போயிருந்தது.
வேறு பையனை வைத்துக்கொண்டார்.
வெளியே வந்தவனை ஏற்றிப் போக
உள்ளே பழகியவர்கள் வண்டியோடு நின்றார்களாம்.

ஆடிப்பெருக்குக்கு முதல்நாள் ராத்திரி
மன்னாடிமங்கலத்தில் ஏழு மோட்டார்.
ரம்பத் தடமே இல்லை.
கழற்றத் தெரிந்த கை,
நட்டுகளை வரிசையாய் மேடையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.
கேமராவில் முகம் விழுந்திருந்தது.
மறைக்கவில்லை.
நின்று, அண்ணாந்து பார்த்திருக்கிறான்,
எடுத்துக்கோ என்பது போல.

"அப்பவே சொன்னேன்ல" என்றான் கதிர்வேல்.
ஏழு பேருக்கும் எதுவும் திரும்பி வரவில்லை.
வர யாருக்குத் துணிச்சல் இருக்கும்?

நேற்று மோட்டார் மேடையைக் கூட்டும்போது
செங்கல்லுக்கு அடியில் ஒரு ரசீது.
கடையின் பேர் மழையில் போய்விட்டது.
கீழே பேனாவில், குண்டு குண்டாய்,
யாருடைய கையெழுத்து என்று கேட்கத் தேவையில்லை:
ஒரு வருசம் உத்தரவாதம்.
ரிப்பேர்னா சொல்லி அனுப்பவும், வந்து பார்ப்பேன்.

சுவிட்சைப் போட்டேன்.
பிசிறில்லாமல் எடுத்தது.
தை வரைக்கும் நாள் இருக்கிறது.
மோட்டாரில் பழுது இல்லை.