கிழங்கு நித்திரை

நுவரெலியாவிலிருந்து மாற்றலாகி வரும்போது
ஒரு சேலைன் போத்தலைக் குறுக்கே வெட்டி
ஈரப் பஞ்சு சுற்றி
அதற்குள் ஒரு கிழங்கைக் கொண்டுவந்தேன்.
பெருவிரல் அளவு. தோலெல்லாம் கறுப்பு மண்.

ஆஸ்பத்திரித் தோட்டத்துக் குளத்தில்
புல்லில் பனி உறைந்த காலைகளில்
வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கும் அது.
ஒன்று பறித்து மேசையில் வைத்தால்
வார்ட் முழுக்க வனிலா.
தோட்டவேலை சன்னாசி சொன்னார்,
‘குளிர்தண்ணிப் பூடு, மிஸ்ஸி.
அங்கெல்லாம் வராது.’

வராது என்று சொன்னால் எனக்கு ஒரு பிடிவாதம்.

பாலையூற்றில் வீடு.
கிணற்றுக்கு இறக்கி மிஞ்சிய
இரண்டு கொங்கிறீற் வளையத்தை
முருங்கைக்குக் கீழே புதைத்து
அடியைப் பூசிக் குளம் என்று பேர் வைத்தேன்.
ஏழு கிணற்றிலும் வெந்நீர் ஊறுகிற கன்னியா
இங்கிருந்து கூப்பிடு தூரமில்லை. ஆனாலும்
வைகாசி மத்தியானத்தில் கைவிட்டுப் பார்த்தால்
இந்தத் தண்ணியும் அதற்குச் சொந்தக்காரி.

முதல் மாசம் நாலு இலை விட்டது,
தண்ணிமேல் படுக்கிற நீட்டு இலை.
பிறகு கச்சான் பிடித்தது.
கொடியில் கிடக்கிற யூனிபோமைக்
கஞ்சி போடாமலே விறைக்கவைக்கிற காத்து.
இலை ஒவ்வொன்றாய்த்
தேத்தண்ணி நிறத்துக்குப் போனது.

தெர்மோமீட்டரை நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.
காலை இருபத்தெட்டு. பின்னேரம் முப்பத்துநாலு.
கொப்பியில் கோடு கீறி எழுதினேன்.

அடுத்த வளவு நவ்சாத்
கொட்பேயிலிருந்து மீன் ஏற்றுகிற பட்டா லொறிக்காரன்.
ரெஜிபோம் பெட்டியில் மிஞ்சுகிற ஐஸை
மதிலுக்கு மேலால் நீட்டுவான்:
‘உங்கட நோயாளிக்கு.’
பொலித்தீன் பையில் கட்டி இறக்கினேன்.
எப்படிக் கட்டியும் கசிந்தது.
குளம் சூடை மீன் மணத்தது.
பூனைகள் வந்து சுற்றி உட்கார்ந்தன,
பார்வையாளர் நேரம் போல.

ஆடியில் மேலே ஒன்றுமில்லை.
கைவிட்டுத் துழாவினேன்.
கிழங்கு இருந்தது, கல்லுமாதிரி.
உயிரோ இல்லையோ என்று நகத்தால் ஒரு கீறல்.
உள்ளே வெள்ளை.
திரும்ப வைத்தேன். ஐஸ் போட்டேன்.
பின்னேரம் மறுபடி எடுத்தேன்.
நாளுக்கு மூன்று தரம்.

ஆவணியில் எனக்கே டெங்கு. பத்து நாள்.
ஐஸும் இல்லை, கொப்பியும் இல்லை.
வீட்டுக்கு வந்தால்
பாதித் தண்ணி, மேலெல்லாம் முருங்கைப்பூ,
ஒரு தவளை.
பீ.எச்.ஐ. வந்து ஏசுவாரே என்று
நாலு கப்பி மீனை விட்டுவிட்டு
மறந்துபோனேன்.

ஐப்பசிக் கடைசியில் மாரி இறங்கியது.
மூன்று நாள் வெயிலே இல்லை.
கார்த்திகையில் ஒரு விடியப்புறம்
இரவு டியூட்டி முடிந்து
சப்பாத்தும் கழற்றாமல் போய்க் குனிந்தால்
தண்ணிக்கடியில் சிவப்பாய் ஒரு முனை,
சுருட்டி மடித்த கைலேஞ்சி.

செத்ததில்லை. படுத்திருக்கிறது.
வெக்கை முழுதும் படுத்துக் கிடந்து
குளிர் வர எழும்புகிற சாதி.
நானோ
நித்திரைகொண்டதைத் தட்டித் தட்டி எழுப்பிக்
காய்ச்சல் பார்த்திருக்கிறேன்.

மார்கழியில் ஒரு பூ. ஒன்றே ஒன்று.
இரண்டாய்ப் பிளந்த வெள்ளைக் கதிர்,
நடுவில் கறுப்புக் கறுப்பாய்ப் பொட்டு.
நவ்சாத் மதிலால் எட்டிப் பார்த்தான்.
‘அப்ப மூணு மாசமா நான் ஐஸ் தந்தது ஆருக்கு?’
பூனைகளுக்கு, என்றேன்.
மூக்கை உறிஞ்சினான்.
‘மணக்குதுதான். ஆனா கொஞ்சம் சூடையும்.’

அன்றிரவு ஏழாம் நம்பர் கட்டில்.
இரண்டு மணி, பிரஷர் பார்க்கிற நேரம்.
வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை.
பட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
வெளியே மழை
தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.