ஏட்டுக் கிழங்குக்குத் தோல் கிடையாது

நகரமன்றத்தில் நான் குறிப்பெழுதுபவள்.
இருமலை எழுதுவதில்லை,
சிரிப்பையும்.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
எத்தனை கை உயர்ந்தது,
அவ்வளவுதான் என் வேலை.

ஜனவரி.
மாலை நான்கு மணிக்கே எஸ்தோனிய வானம்
கடையைச் சாத்திவிடும்.
அன்றைய ஏழாவது பொருள்:
பள்ளிச் சமையலறைக்கு வாங்கும் உருளை, காரட், பீட்ரூட்
நாற்பது கிலோமீட்டருக்குள் விளைந்ததாக இருக்க வேண்டும்.
விளைவித்தவருக்குப் பதினான்கு நாளில் பணம்;
முன்போலத் தொண்ணூறு நாள் அலைக்கழிப்பு இல்லை.

அதுவரை கிழங்கு
எங்கிருந்தோ லாரியில் வந்தது.
உரித்து, மருந்துநீரில் நனைத்து,
காற்றை உறிஞ்சிய பைக்குள்
முகமே இல்லாத வெள்ளையாய்.
பிள்ளைகள் அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுவார்கள்.
தள்ளியதை எடைபோட்டுக் கொண்டுவந்தார் டாக்டர் மால்லே:
ஒரு நாளைக்கு முப்பத்தொரு கிலோ.

ஒன்பது கை ஆதரவு. ஐந்து எதிர்ப்பு.
ஒருவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
'நடுநிலை' என்று எழுதினேன்.
கைதட்டினார்கள்.
அதை நான் எழுதுவதில்லை.

எண்டெலின் டிராக்டரில்
மண்ணோடு வந்து இறங்கியது முதல் மூட்டை.
கோழிமுட்டை அளவில் சில,
உழுதவன் முஷ்டி அளவில் சில,
ஒட்டிப் பிறந்த இரண்டு,
மூக்கு முளைத்த ஒன்று.

உரிக்கும் இயந்திரத்துக்கு ஒரே அளவுதான் பழக்கம்.
பெரியதைக் கோலிக்குண்டாக்கித் துப்பியது.
சிறியதைத் தோலோடு திருப்பிக் கொடுத்தது.
மூன்று பெண்கள்
கத்தியைக் கையில் எடுத்தார்கள்.

நான்காவது வாரக் கூட்டத்துக்கு வந்தாள்
ஊர்வே, தலைமைச் சமையல்காரி,
பனி ஒட்டிய காலணியைக் கழற்றாமல்.
கையில் வாளி.
மேயரின் காகிதங்கள்மேலேயே வைத்தாள்.
வாளி நிறையத் தோல்.

"இன்று காலையில் உரித்தது.
ஐந்து மணிக்கு வந்தோம், ஏழுக்குத்தான் அடுப்பு.
வயலிலிருந்து வாசல்வரை நாற்பது கிலோமீட்டர் என்று
எழுதிவிட்டீர்கள்.
வாசலிலிருந்து அடுப்புவரை எவ்வளவு?
ஏட்டுக் கிழங்குக்குத் தோல் கிடையாது, ஐயா."

யாரும் பேசவில்லை.
வாளியிலிருந்து சொட்டியது.

"அப்படியென்றால்
பழையபடி பைக்கிழங்குக்கே போய்விடலாமே"
என்றார் எதிர்த்து வாக்களித்தவர்களில் ஒருவர்,
கொஞ்சம் உற்சாகமாகவே.

அவர் பக்கம் திரும்பினாள்.
"அதைக் கேட்டு நான் வரவில்லை.
இது வேகும்போது கிழங்கு வாசம் வருகிறது.
தட்டுகள் காலியாகத் திரும்புகின்றன,
கழுவச் சுலபம்.
நான் கேட்பது இரண்டு மணி நேரம்.
அதற்குக் கூலி.
மூன்று பேருக்கு."

பணம் எங்கே என்று அரை மணி நேரம் தேடினார்கள்.
சாலையில் இல்லை, நூலகத்தில் இல்லை.
கடைசியில்
கோடைவிழா வாணவேடிக்கையில் இருந்தது.
'ஊரின் மகிழ்ச்சியை உரித்துப் போடுகிறீர்கள்'
என்று ஒரு குரல்.
அது பேச்சு. ஆகவே எழுதினேன்.

ஏழு ஆதரவு. ஏழு எதிர்ப்பு.
ஜன்னல்காரர் கையைத் தூக்கினார்,
தோள்வரை,
தூக்கினாரா சொறிந்துகொண்டாரா என்று
அவருக்கே தெரிந்திருக்காது.
எட்டு என்று எழுதினேன்.
யாரும் மறுக்கவில்லை. அவரும்.

'இணைப்புகள்' என்ற கட்டத்தில்:
வாளி ஒன்று. திருப்பித் தரப்பட்டது.

கறைபட்ட தாளை ஆவணக் காப்பகம் வாங்காது.
படியெடுத்து அனுப்பினேன்.
மூலத்தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது,
வாளியின் அடி பதிந்த
முக்கால் வட்டம் மண்ணோடு.
ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் உதிர்கிறது.
பேனாவைத் துடைத்துவிட்டுத்தான்
எழுத ஆரம்பிக்கிறேன்.