படிக்கணக்கு

கல்லாங் ஆற்றோரம் எங்கள் கண்காணிப்பு அறை.
பதினோரு திரை, இரண்டு நாற்காலி,
யாராலும் குறைக்க முடியாத ஏசி.
வாய்க்கால் முக்கால் நிறைந்தால் மஞ்சள்,
தொண்ணூறைத் தொட்டால் சிவப்பு.
இதைப் பார்த்திருக்கத்தான் சம்பளம்.

நெமேசியோவுக்கு இது சிரிப்பு.
"எங்கள் ஊரில் சென்சார் இல்லை, மாதாகோயில் உண்டு.
ஆற்றுப்பக்கம் ஏழு படி.
முதல் படி நனைந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.
மூன்றாம் படிக்குப் பன்றிகளை அவிழ்த்துவிட வேண்டும்.
ஐந்தாம் படிக்கு
கல்யாணத்தைத் தள்ளிவைப்பதா வேண்டாமா என்று
இரு வீட்டாரும் சண்டையைத் தொடங்குவார்கள்."
ஏழாம் படிக்கு?
"அதற்கு எங்களிடம் வழக்கம் எதுவும் இல்லை."

ஊரின் பெயர் பினாக்லிபத்தான்.
இடம்மாறி வந்த இடம் என்று பொருளாம்.
மூன்று தடவை ஆறு துரத்தியிருக்கிறது.
மூன்று தடவையும்
கோயில் மணியைத் தோளில் தூக்கிக்கொண்டு
நாலு வயல் தள்ளிப்போய்
மறுபடி ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்த ஊர்.
மேட்டுக்குப் போயிருக்கலாமே என்றேன்.
மேட்டில் இறால் கிடைக்காதே என்றான்,
சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

ஸ்பெயின்காரப் பாதிரி வரிக்காகத் தலை எண்ண வந்தபோது
பாதிப்பேர் எதிர்க்கரைக்குப் படகேறிவிட்டார்கள்.
அவர் எதிர்க்கரைக்குப் போனபோது
இந்தக் கரைக்கு வந்துவிட்டார்கள்.
ஏட்டில் அந்த வருடம் ஊரே பாதி.
அமெரிக்கர்கள் இரும்புப் பாலம் போட்டார்கள்.
போரில் விழுந்தது.
யாருடைய குண்டு என்பதில்
அவனுடைய பெரியப்பாக்கள் இருவரும்
சாகும்வரை பேசிக்கொள்ளவில்லை.

திருவிழா அங்கே தண்ணீரின்மேல்,
நம் தெப்பம்போல, ஆனால் ஓடும் ஆற்றில்.
ஒரு வருடம் படகு சாய்ந்து
புனிதை ஆற்றோடு போய்விட்டாள்.
பதினோராம் நாள் இறால் வலையில் சிக்கினாள், மூக்கில்லாமல்.
புது மூக்கு செதுக்கிய தச்சன்
தன் மனைவியின் மூக்கை வைத்துவிட்டான்.
அன்றுமுதல் அந்தத் தெருப் பெண்கள்
முன்வரிசையை யாருக்கும் விட்டதில்லை.

படகுக்கு என்ன சொல்வீர்கள்?
"பங்கா."
வங்கம், என்றது எனக்குள்
உயர்நிலைப்பள்ளித் தமிழ்ப் பாடநூல்.
முகத்துக்கு?
"முக்ஹா."
யார் யாருக்குக் கொடுத்தது, எந்தக் காற்றில்?
கேட்டுச் சொல்ல ஆளில்லை.
அறைக்குள் இருவர்தான், இருவருக்கும் கொட்டாவி.

பதிலுக்கு என் ஆற்றைச் சொன்னேன்.
நிறையச் சொல்ல வரவில்லை.
படகில் பிறந்து படகிலேயே உறங்கிய மக்கள்
இங்கேயும் இருந்தார்கள்,
கல்லாங் மக்கள்.
ஆட்களை வேறோர் ஆற்றுக்கு அனுப்பிவிட்டு
பெயரை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.
இப்போது அது ரயில் நிலையத்தில் எரிகிறது,
பச்சைக் கோட்டின்மேல்.
பிறகு ஆற்றுக்கு சிமெண்டு போட்டோம்.
பிறகு சிமெண்டை உடைத்துப் புல் நட்டோம்.
நீர்நாய்கள் திரும்பி வந்தபோது
நாடே நின்று படம் பிடித்தது.
"நல்ல ஆறு" என்றான்,
மரியாதைக்கு.

டிசம்பர். இரவு இரண்டேகால்.
அவன் கைப்பேசியில் ஒரு படம், தங்கை லிகாயா அனுப்பியது.
ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.
பழுப்புத் தண்ணீர். கோயில் கதவு.
படி எத்தனை தெரிகிறது, நீ எண்ணு, என்றான்.
இரண்டு.
மறுபடி எண்ணு.
விரலால் விரித்துப் பார்த்தேன். இரண்டுதான்.
மேல்படியில் ஒரு நாய்,
கழுத்தில் பச்சைக் கயிறு,
நனைந்து, கேமராவைப் பார்க்காமல்.

நாயாவது தப்பியதே என்றேன்,
வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.
வெகுநேரம் படத்தையே பார்த்திருந்தான்.
"இது எங்கள் கரை நாய் இல்லை."

எங்கள் திரையில் நாற்பத்தொரு சதவீதம்.
பச்சை.
அந்த மணிக்கான குறிப்பை நான்தான் எழுதினேன்:
மழை இல்லை. நீர்மட்டம் இயல்பு.
பணியில் இருவர்.