கீழ்ப்படி

சிலோயே தீவில் மழைக்கு விடுமுறை கிடையாது.
அன்றும் பெய்தது.
ஆலயத்தின் அடியில் இரண்டு நெடுமரங்களைச் செருகி
வடம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடல் ஆண்டுக்கு ஒரு முழம் தின்கிறது.
பீடத்துக்கும் அலைக்கும் இடையே
இனி ஒன்பது முழம்.
மேட்டுக்கு இழுத்துவிடலாம் என்று
பங்குக் கூட்டத்தில் தூக்கிய கைகள் நாற்பத்தொன்று.
தூக்காத கை ஒன்று.
இதோ, இந்தக் கை.
முப்பத்திரண்டு ஆண்டு சாவி வைத்திருந்த கை.

நான் பெலார்மீனோ குவென்தெயோ, உபதேசியார்.
சாமியார் வராத ஞாயிறுகளில் செபம் சொல்பவன்
(மாதத்தில் மூன்று ஞாயிறு அப்படித்தான்).
கூரையின் எந்தப் பலகை எந்தக் காற்றுக்கு அழும் என்று
அறிந்தவன்.
என்னைக் கேட்காமல் அங்கே
ஓர் ஆணிகூட அசைந்ததில்லை.

புதுச் சாமியார் அன்செல்மோ
படகிலிருந்து இறங்கத் தெரியாமல்
முழங்கால்வரை நனைந்து வந்தார்.
வாதாடவில்லை.
"உங்கள் எருதுகள்தான் முன்னேராம்.
அவை போனால்தான் மற்றவை போகுமாம்" என்றார்.
அவ்வளவுதான்.
நான் பதில் சொல்லாமல்
இரண்டு உருளைக்கிழங்கு தின்றேன்.
எர்சிலியா மூன்றாவதை வைத்தாள்,
என் முகத்தைப் பார்த்தாள்,
எடுத்துக்கொண்டாள்.

இரவெல்லாம் உம்மோடு சண்டை, ஆண்டவரே.
நீர் பேசவில்லை.
கூரைதான் பேசியது.

விடிந்ததும் கால்கள் தொழுவத்துக்குப் போயின.
சம்மதம் அப்போதும் வரவில்லை.
அது வந்த பிறகு போகலாம் என்றால்
கடல் யாருக்காகக் காத்திருக்கும்?
நுகத்தைத் தூக்கினேன்.
லூசேரோ தானாகவே தலையைத் தாழ்த்தியது.
பன்னிரண்டு ஆண்டாகத் தாழ்த்துகிறது.
அன்றுதான் பார்த்தேன்.

பதினான்கு சோடி எருது.
சுரூபத்தைக் கம்பளியில் சுற்றி
எர்சிலியா மடியில் வைத்திருந்தாள்,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல.
ஒரு கூச்சல்.
ஆணிகள் எல்லாம் ஒன்றாக முனக
ஆலயம் எழுந்து நடந்தது.

வளைவில் நின்றுவிட்டது.
கடலைப் பார்த்தே பழகிய கதவு.
அதை மேட்டுப் பக்கம் திருப்ப ஒரு மணி நேரம்,
விரற்கடை விரற்கடையாக.
மனந்திரும்புங்கள் என்று
எத்தனை தவக்காலம் வாசித்திருப்பேன்,
ஏதோ கழுத்தைத் திருப்புவதுபோல!
இத்தனை சேறு ஆகும் என்று
ஒருவருக்கும் நான் சொன்னதில்லை.

வடம் ஒன்று அறுந்து என் தோளில் அடித்தது.
உபதேசியார் சொல்லக்கூடாத ஒரு சொல்லைச்
சொன்னேன், உரக்க.
சாமியார் சிரித்தார்.
ஒரு பூட்ஸைச் சேறு விழுங்கியிருக்க
ஒற்றைக் காலில் நின்றபடி
அதே வடத்தின் மறுமுனையைப் பிடித்திருந்தார்.

மாலையில் பழைய இடத்துக்குத் தனியாகப் போனேன்.
ஒரு நீண்ட சதுரம்.
அதில் வெளிச்சமே கண்டிராத புல்,
பால்பல்லின் வெள்ளையில்.
நான் முழங்காலிட்ட பலகைக்கு நேர் கீழேயும்
அது முளைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
ஒரு பித்தான். மெழுகுத் துண்டு. எலிக்கூடு.
மேற்படிகள் மரம், ஆலயத்தோடு போய்விட்டன.
கீழ்ப்படி மட்டும் கல்.
நடுவில் தேய்ந்து, தேய்ந்த இடத்தில் மழைநீர் நின்று,
எடுக்க மறந்து கிடந்தது.
அத்தனை ஆண்டும் அதை மிதித்துக் கடந்தவன்
முதன்முறையாக அதில் உட்கார்ந்தேன்.
கால்சட்டை நனைந்தது.
எழுந்திருக்கத் தோன்றவில்லை.

மேட்டில் கதவு புதுச் சாய்வில் இறுகிவிட்டது.
சாவி பாதி திரும்புகிறது, பிறகு இல்லை.
எண்ணெய் விட்டேன்.
மீண்டும் அந்தச் சொல்லைச் சொன்னேன்.
அப்புறம் பூட்டாமலே வந்துவிட்டேன்.

ஆடுகள் உள்ளே போகும் என்கிறாள் எர்சிலியா.
போகட்டும்.