பொருந்தாததை அடிக்கவும்

வரிசை எண் பதினேழு.
பள்ளி மண்டபத்தில் மின்விசிறி சுற்றுகிறது,
காற்று என்னவோ மேடைக்குத்தான் போகிறது.
அப்பாவுக்குத் துவாஸில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்,
அம்மா மருத்துவமனைத் துணி வெளுக்கும் இடத்தில்.
ஆகவே நான்.

தந்தை / தாய் / காப்பாளர்
பொருந்தாததை அடிக்கவும் என்றது படிவம்.
இரண்டை அடித்தேன்.
மூன்றாவதும் முழுசாய்ப் பொருந்தவில்லை,
எனக்கு இருபத்திரண்டு.

கணக்கு மேசைமுன் ஏழு குடும்பம்.
தமிழ் மேசையில் மாதங்கி டீச்சர் தனியாக
பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறார்.
எழுபத்தொன்று வாங்கும் பையனைப் பற்றிப் பேச
யாருக்கு நேரம்?

திருமதி கோ தாளை என் பக்கம் திருப்பினார்.
முப்பத்தெட்டு.
"கெட்டிக்காரப் பையன், ஆனால்..."
அந்த ஆனாலை எனக்குத் தெரியும்.
என் காலத்தில் அதற்கு நார்மல் டெக்னிக்கல் என்று பெயர்.
இப்போது ஜி ஒன்று.
பலகை புதுசு,
நாற்காலிக்கு அதே ஆட்டம்.

"வீட்டில் யார் சொல்லித் தருகிறார்கள்?"
நல்லவர். குத்திக் கேட்கவில்லை.
ஓரறை வீட்டில் பாய் விரித்தபின் மேசைக்கு இடமில்லை,
தாழ்வார விளக்கடியில் உட்கார்ந்து எழுதுவான்,
பத்தரைக்கு எதிர்வீட்டு அங்கிள் சைக்கிளை உருட்டி வர
புத்தகத்தோடு காலை மடக்கிக்கொள்வான்
என்பதையெல்லாம்
பத்து நிமிடத்தில் எங்கிருந்து தொடங்க?
"நான்தான்" என்றேன்.
இயற்கணிதத்தில் நான் வாங்கியது
நல்லவேளை, அவர் கோப்பில் இல்லை.

அடுத்த ஆண்டு இந்தப் பள்ளியே வேறொன்றோடு இணைகிறது.
கிராஞ்சிப் பண்ணைகளை ஒட்டிய இந்த ஓரத்துக்கு
உயர்நிலை ஒன்றில் சேர ஆள் வரவில்லை.
"புது இடம் பழகுவதற்குள் தேர்வு வந்துவிடும்,
சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்புங்கள்."
தலையாட்டினேன்.

பேருந்து நிறுத்தத்தில் இஷ்வந்த்.
"என்ன சொன்னே?"
"சனிக்கிழமை நீ வருவேன்னு."
"சனிக்கிழமை எனக்கு மீன்கடை."
"தெரியும்."

இருபது நிமிடத்துக்கு ஒரு பேருந்து.
தொலைவில் ராணுவத் திடலில் சுடும் சத்தம்.
நான் திடுக்கிட்டேன். அவன் இல்லை,
தேர்வு எழுதும்போதும் கேட்குமாம்.
தாளை நாலாக மடித்துப் பையில் செருகிவிட்டு
"இன்னும் பன்னிரண்டு வேணும், பாஸாக" என்றான்,
ஈரக் கையோடு
சில்லறை எண்ணித் தருகிற குரலில்.