முப்பத்தைந்து டிகிரி

லாங் பஜாரில் எண்ணூற்றைம்பது சொன்னான்,
அறுநூறுக்குப் படிந்தது.
மணி காட்டும்.
பொத்தானை அழுத்தினால் வடக்கும்.

வடக்கே எனக்கு யார் இருக்கிறார்கள்?
சித்தூர் பஸ்கூட ஏறியதில்லை.
லாட்ஜ் லிஃப்டுக்குள் போனால்
அதற்கே கிறுக்குப் பிடிக்கும்;
பாலாற்று மணலில் நின்று
இரண்டு சுற்று சுற்றித் தெளியவைப்பேன்.
பாலத்தில் போகிறவர்கள்
கிறுக்கு எனக்கென்று நினைப்பார்கள்.

நேற்று ராத்திரி
முந்நூற்று நாலாம் அறை மால்டாக்காரர்.
விடிந்தால் மனைவிக்கு ஆபரேஷன்.
கையை விரித்துக் கேட்டார்:
ஊர் எந்தப் பக்கம்?

மொட்டைமாடி.
இரும்புத் தொட்டியை விட்டுத் தள்ளி நின்றோம்.
அவர் போனில் மேப், என் கையில் டிகிரி.
முப்பத்தைந்து.
காட்பாடி விளக்குகளுக்குச் சற்று வலப்பக்கம்,
ஒரு செல்போன் டவர்.
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று விநாடிதான் எரியும் வாட்ச் லைட்.
அணைய அணைய
அழுத்திக்கொண்டே இருந்தேன்.