நாற்காலிக் கணக்கு

முதல் ஞாயிறு நாற்பது கேட்டார்கள்.
பெரும்பாக்கம், எட்டு மாடிக் குடியிருப்புக்குப் பின்னால்
தண்ணீர் லாரி திரும்பும் இடத்தில் தகரக் கொட்டகை.
இறக்கிவைத்துவிட்டு டாட்டா ஏஸிலேயே தூங்கிப்போனேன்,
ஆமென் வந்து எழுப்பும் வரை.

ஆடியில், கல்யாணமில்லாமல் கிடங்கே தூங்கும்போது
இவர்கள் எழுபது கேட்டார்கள்.
கார்த்திகை மழையில் நூற்றுப்பத்து,
கால்கள் சேற்றில் இறங்காமலிருக்க
செங்கல் துண்டு முட்டுக்கொடுத்து.
சபை வளர்ந்த கதையைப் பதிவேட்டில் அவர்கள் எழுதட்டும்.
என்னிடம் இருப்பது ரசீதுப் புத்தகம்.

ஒவ்வொரு நாற்காலி முதுகிலும் சிவப்புப் பெயின்டில் த.ச.
தஸ்தகீர் சப்ளையர்ஸ். என் அத்தாவின் பெயர்.
ஜெபத்துக்கு எல்லோரும் எழும்போது
கடைசியில் நிற்கும் எனக்கு
நூற்றுப்பத்து முறை அத்தா தெரிவார்.

மாசியில் பாஸ்டர் ஞானசிகாமணி நூற்றறுபது என்றார்.
"ஆப்பிரிக்காவிலேர்ந்து மிஷனரிகள் வர்றாங்க பாய்,
ஒடஞ்சது ஒண்ணும் வேணாம்."
அங்கே போன வெள்ளைக்காரர் யாரோ
திரும்பும் வழியில் இறங்குகிறார் என்று நினைத்தேன்.
வந்தவர்கள் எங்களைவிடக் கறுப்பு.
கணவர் சோல்வே. மனைவி பெயர் முடிந்தா.
முடிந்தா வா, முடியாட்டி விடு என்போமே,
அதே முடிந்தா.
பிள்ளைகள் சிரித்தார்கள்,
ஏனென்று தெரியாமல் அவரும்.
வரிசையாக ஆண் பிறந்த வீட்டில்
அப்புறம் வரும் பெண்ணுக்கு அந்தப் பெயராம்.

வாடகையில்லாமல் நான் கொண்டுபோன மாப்பிள்ளை சேரில்
அவர் உட்காரவில்லை.
மீன் விற்கும் அமலோற்பவத்தின் பக்கத்தில்
கவிழ்த்த பெயின்ட் வாளியில் உட்கார்ந்தார்.

அவர் கிராமத்தில் சபை கூடுவது மரத்தடியில்.
ஆளுக்கொரு முக்காலி, தலையில் சுமந்து வருவார்களாம்.
முதலில் பன்னிரண்டு முக்காலி,
இப்போது நிழல் போதவில்லையாம்.
எனக்கு அடிவயிறு கலங்கியது.
இந்த யோசனை இங்கே பரவினால்
வண்டித் தவணையை யார் கட்டுவது?

பிறகு ஆற்றைப் பற்றிச் சொன்னார்.
அணை கட்டுவதற்காக, ஐந்து வயதில் அவர் அம்மாவைக்
கரையிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்
தண்ணீரில்லாத மேட்டில் இறக்கினார்கள்.
கோழிகளுக்குக் கூடை இருந்தது.
நாய்களுக்கு லாரியில் இடமில்லை.

மொழிபெயர்த்த தம்பி நாய்களோடு நின்றுவிட்டான்.
அவனும் கூவக்கரைப் பிள்ளை.
நூற்றறுபது நாற்காலியில்
ஒன்றுகூடக் கிறீச்சிடவில்லை.
"எங்க நாயி பாலம் வரைக்கும்
பின்னாடியே ஓடியாந்துச்சு" என்றாள்
பின்வரிசையில் ஒருத்தி.
அதை அவருக்குச் சொல்ல ஆளில்லை,
தம்பி மைக்கைக் கீழே வைத்திருந்தான்.
அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரியாணிப் பொட்டலம் முடிந்ததும்
அடுக்கித் தர வந்தார், பத்துப் பத்தாக.
த.ச.வை விரலால் தடவி
என்ன என்று சைகையில் கேட்டார்.
எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்
ஃபாதர் என்றேன்.
வானத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.
நான் திருத்தவில்லை.

போன வியாழன் பாஸ்டர் போன் செய்தார்.
இருநூறு வேண்டுமாம்.
இருப்பதே நூற்றெழுபது பாஸ்டர்,
மிச்சத்தை அவங்கவங்க வீட்டிலேர்ந்து
எடுத்துட்டு வரச் சொல்லுங்க என்றேன்,
என் வாயாலேயே.
முடிந்தா.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.